தம்பி சொன்ன ‘மாக் நூமே’

2014 பெப்ரவரி, ஒரு வியாழக்கிழமை இரவு. வீட்டில் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். தம்பி அரைவாசியில் கோப்பையைத் தள்ளிவிட்டு, “மாக் நூமே” என்றான்.

சின்னப் பிள்ளையாக இருந்த காலம் தொட்டு, வயிறு நிரம்பினால் அவன் சொல்வது அதுதான். அம்மாவுக்கு விளங்கிய சுவிஸ் டொச் (சுவிசில் பேசும் ஜெர்மன்) சொற்களில் அதுவும் ஒன்று. “காணுமாம். கோப்பையை எடு பிள்ளை” என்றார். நான் எடுத்தேன், கழுவினேன், நாளைக்கு வேலை என்று படுக்கப் போனேன்.

சூரிச் பக்கத்துப் பேச்சில் ‘மாக் நூமே’ இரண்டு இடங்களில் வரும். சாப்பாடு போதும் என்பதற்கும் அதுதான். இனி என்னால் ஏலாது, இதற்குமேல் தாங்கமாட்டேன் என்பதற்கும் அதுதான். இந்த இரண்டாவது பொருள் அம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். ஒன்பது வயதிலிருந்து அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தின் சமூகப் பணியாளர் என் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, “உங்கள் தம்பி தனக்கு உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று சொல்கிறான்” என்றபோது, முதலில் என் கண்முன் வந்தது அந்தக் கோப்பைதான்.

தம்பிக்கு இப்போது 27 வயது. இதை எழுதுவதற்கு அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஒவ்வொரு பந்தியையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

தம்பியின் கதைக்கு முன் என் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நாங்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சி ஆட்கள். அப்பா 1989இல் சுவிசுக்கு வந்தவர். றெஸ்ரோறன்ட் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. அம்மாவும் நானும் 1997இல் வந்து சேர்ந்தோம். அடுத்த வருடம் தம்பி பிறந்தான். ஒரு வருடத்தில் எனக்கு டொச் வந்துவிட்டது. அப்பாவுக்குச் சமையலறை டொச், அம்மாவுக்கு அதுவும் இல்லை. அதன்பிறகு காப்புறுதிக் கடிதம், வரிப் படிவம், வீட்டுக்காரரின் முறைப்பாடு எல்லாம் என் மேசைக்கு வந்தன. எனக்கு அதில் பெருமை இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. “எங்கட பிள்ளைதான் எல்லாம் பார்க்கிறது” என்று அம்மா கோயிலில் சொல்லும்போது நெஞ்சு நிமிரும்.

2000ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு நித்திரை இல்லை, நெஞ்சு பாரம், தலை விறைப்பு. குடும்ப டொக்டரிடம் கூட்டிப்போனேன். “நான் கனக்க யோசிக்கிறன் டொக்டர்” என்றார் அம்மா. நான் டொச்சில் “அம்மா நிறையச் சிந்திக்கிறார்” என்றேன். டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘யோசிக்கிறன்’ என்றால் அது கவலை, பயம், இரவு முழுவதும் உருண்டு படுப்பது எல்லாம் சேர்ந்த சொல். டொச்சில் சிந்திப்பது நல்ல பழக்கம். அந்த வித்தியாசத்தைச் சொல்லும் வயது எனக்கு இல்லை.

எப்போதிலிருந்து நித்திரை இல்லை என்று டொக்டர் கேட்டார். அம்மா யன்னலைப் பார்த்தபடி, “எண்பத்தேழிலை இருந்து” என்றார். வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த சின்ன மாமா காய்ச்சலில் செத்தவர் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். 1987 மே கடைசியில் வடமராட்சியைப் பிடிக்க இலங்கை இராணுவம் ஒபரேசன் லிபரேசன் நடத்தியபோது, கிணற்றடியில் வைத்து, செல் (எறிகணை) பட்டு, அம்மாவின் கண்முன்னே போனவர் என்று அந்த அறையில் வைத்துத்தான் அறிந்தேன். அறிந்த கையோடு அதை டொச்சில் சொல்லவும் வேண்டும். ‘செல்’லுக்கு டொச்சில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. “பொம்பே” என்றேன். அது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. “குண்டு இல்லைப் பிள்ளை, செல். செல் எண்டு சொல்லு” என்று திருத்தினார். வேறு சொல் தெரியாமல் நான் திரும்பவும் “பொம்பே” என்றேன். அம்மா பேசாமல் இருந்துவிட்டார்.

வரும் வழியில் பஸ்ஸில் இருவரும் எதுவும் கதைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கும் நித்திரை குழம்பியது. கிணறு எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன். யாழ்ப்பாணத்துப் பொருளில் யோசிப்பேன்.

அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு, பெற்றோர் சந்திப்பு. சூரிச் மாநிலத்தில் ஆறாம் வகுப்போடுதான் பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போகும் என்று முடிவாகும். அப்பா வேலையால் அப்படியே வந்திருந்தார், உடுப்பில் எண்ணெய் மணம். ஆசிரியை என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: புள்ளிகள் நல்லது, ஆனால் இவள் இப்போது ஒருவரோடும் கதைப்பதில்லை, பாடத்தில் தூங்கிவிடுகிறாள், எனக்குக் கவலையாக இருக்கிறது, பள்ளி உளவியலாளரிடம் ஒருதரம் காட்டினால் நல்லது, இதை அப்பாவிடம் சொல்வாயா? நான் அப்பாவிடம் திரும்பி, “கெட்டிக்காரியாம். கணக்கிலை கொஞ்சம் கவனமாம்” என்றேன். அப்பா எழுந்து நின்று ஆசிரியையின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் கண்டது குறைவு.

என்னைப் பற்றிய செய்தியை என்னிடமே கொடுத்து அனுப்பினார்கள். நான் அதை விழுங்கிவிட்டேன். ஆசிரியையில் எனக்கு இன்றும் கோபமில்லை, அவர் கண்டுபிடித்தாரே. ஆனால் இப்போது அந்த மேசையைச் சுற்றி இருக்கும் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையை நடுவில் இருத்தாதீர்கள். நோர்வேயில், உயிராபத்துப் போன்ற அவசரங்களைத் தவிர, அரச அலுவலர்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்று 2016இலிருந்து சட்டமே இருக்கிறது. இங்கே சுவிசில் அது பெற்றோரும் டொக்டரும் ஆசிரியரும் எடுக்கிற முடிவாகவே விடப்பட்டிருக்கிறது.

தம்பிக்கு வருவோம். அவனுக்கு டொச்தான் மொழி. புதன் பின்னேரத் தமிழ் வகுப்புக்கு மூன்று வருடம் போனான். ஒருநாள் சொந்தக்காரர் நிறைந்திருந்த வீட்டில், எட்டு வயதில், “எனக்கு வயிறு நோகிறான்” என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாமா ஒருவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அதற்குப் பிறகு அவன் தமிழில் சாப்பாடு, தண்ணி, ஓம், இல்லை என்ற அளவோடு நின்றுவிட்டான். அன்று அவனுக்கு உண்மையில் வயிறு நொந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

2009இல், வன்னியில் இறுதிப் போர் நடந்தபோது, அவனுக்குப் பதினொரு வயது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அணைக்கப்படவே இல்லை. அம்மா அதன் முன்னால் இருந்து அழுவார், அப்பா பேர்ணுக்கும் ஜெனீவாவுக்கும் ஊர்வலம் போவார். அவனிடம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சின்னப்பிள்ளை, விளங்காது என்று விட்டுவிட்டோம்.

2013 இலையுதிர் காலம், ஒன்பதாம் வகுப்பு. இந்த நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் பதினைந்து பதினாறு வயதில் தொழிற்பயிற்சிக்கு இடம் தேட வேண்டும். விண்ணப்பம் எழுத வேண்டும், சில நாட்கள் போய் வேலை பழகிப் பார்க்க வேண்டும், பிறகு கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். தம்பி நாற்பதுக்கு மேல் எழுதினான். மறுப்புக் கடிதங்களை ஒரு சப்பாத்துப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் மற்றவர்களுக்கு இடம் கிடைத்துக்கொண்டே வந்தது. அவன் பகலில் படுக்கத் தொடங்கினான். அம்மா அதை வளர்கிற பெடியனின் சோம்பல் என்றார். அப்பா, “நாங்கள் பங்கருக்குள்ளை இருந்து படிச்சனாங்கள்” என்றார்.

பிறகுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு. அன்று பின்னேரமே இளையோருக்கான உளமருத்துவ நிலையத்தில் இடம் கொடுத்தார்கள். நான் பழக்கத்தில், அம்மா அப்பாவுக்கும் உளவியலாளருக்கும் நடுவிலிருந்த கதிரையில் போய் இருந்தேன். அந்தப் பெண்மணி எழுந்து வந்து, தம்பிக்குப் பக்கத்துக் கதிரையைக் காட்டி, “நீங்கள் இன்று அக்கா. மொழிபெயர்க்க வேறொருவர் வருகிறார்” என்றார். பதினாறு வருடத்தில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

வந்தவர் மட்டக்களப்புப் பக்கத்து அக்கா ஒருவர். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், தம்பி ‘நான்’ என்றால் அவரும் ‘நான்’ என்றே சொன்னார். அம்மா கேட்ட முதல் கேள்வி, “இது மந்திகைக்குக் கொண்டு போற வருத்தமோ?” யாழ்ப்பாணத்தாருக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை இருக்கும் இடம் மந்திகை. அங்கே மனநோய் விடுதி இருந்ததால் ஊரின் பெயரே வசைச்சொல்லாகிப் போனது. அந்த அக்கா கேள்வியையும் சொல்லி, உளவியலாளருக்காக அதன் பின்னணியையும் இரண்டு வரியில் விளக்கினார். நான் மொழிபெயர்த்திருந்தால் அந்தக் கேள்வியை வெட்கத்தில் மறைத்திருப்பேன்.

தம்பி டொச்சில் கதைத்தான். அந்த அக்காவின் வாயில் அது தமிழாக வந்தது: “எங்கட வீட்டிலை ஆராவது செத்தால்தான் கவலைப்படலாம். எனக்கு ஒருத்தரும் சாகேல்லை. அதாலை நான் சொல்லேல்லை.”

அப்பா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். கனநேரம் கழித்து அம்மா, “எனக்கும் நித்திரை இல்லை ராசா” என்றார். கிணற்றடியைப் பற்றி அவனிடம் அவர் முதன்முதலாகச் சொன்னது அந்த அறையில்தான். இந்த முறை ‘செல்’லுக்குச் சரியான டொச் சொல் வந்தது.

தம்பிக்குப் பதினான்கு மாதம் வாரம் ஒருதரம் உளச்சிகிச்சை நடந்தது. ஒரு வருடம் தொழில் ஆயத்த வகுப்புக்குப் போய், பிறகு களஞ்சிய வேலையில் மூன்று வருடப் பயிற்சி முடித்தான். மாரிகாலம் இன்னும் அவனுக்குக் கடினம். நவம்பர் வந்தால் அவனே சொல்லிவிடுவான்.

நான் மருந்தகத்தில் பார்த்த வேலையை அரைநேரமாக்கி, மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் எடுத்தேன். அதனால் இனி எழுதுவதில் பாதி தமக்கை எழுதுவது, பாதி தொழில்காரி எழுதுவது.

டொக்டரிடம் நேரம் எடுக்கும்போதே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். போய் இருந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். பெரிய வைத்தியசாலைகள் தாமே ஒழுங்கு செய்யும். தனியார் மருத்துவரிடம் சிக்கல் வரலாம், ஏனென்றால் அடிப்படைக் காப்புறுதி பொதுவாக மொழிபெயர்ப்புச் செலவைத் தருவதில்லை. அப்போது சமூக உதவி அலுவலகத்திடமோ பள்ளிக்கூடத்திடமோ கேட்டுப் பாருங்கள். பலர் என்னிடம் கேட்பது: “தமிழாக்கள் சின்னச் சமூகம், நாளைக்குக் கோயிலில் கண்டால்?” நியாயமான பயம். தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் சேவை இங்கே 2011இலிருந்து இருக்கிறது. குரல் மட்டும்தான், முகமும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் சொல்லிக் கேட்கலாம். டொக்டரும் உளவியலாளரும், அவர்களுக்காக மொழிபெயர்ப்பவரும் சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 321ஆம் பிரிவின்படி இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். மனநலத்துக்கு மருந்து எடுத்தால் விசா போய்விடும், பிரஜாவுரிமை கிடைக்காது என்று ஊரில் கதைப்பதை நம்பி ஒரு பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். சிகிச்சை அறையில் சொன்னதை அவர்கள் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பதில்லை.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பெற்றோர் முதலில் பயந்தது அதற்குத்தான். 2022 ஜூலை 1இலிருந்து, டொக்டர் எழுதிக் கொடுத்தால் உளவியலாளர் தரும் உளச்சிகிச்சைக்கும் அடிப்படைக் காப்புறுதி பணம் தருகிறது. முதலில் 15 அமர்வு, பிறகு டொக்டர் மறுபடி எழுதினால் இன்னும் 15. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, கூடுதலாகத் தெரிவு செய்யாவிட்டால், ஃபிரான்ஷீஸ் தொகை (காப்புறுதி தரத் தொடங்குமுன் நாமே கட்டுவது) கிடையாது. நாம் கட்டுவது செலவில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் வருடத்துக்கு 350 பிராங்கைத் தாண்டாது.

இளையவர்களுக்கு: பெற்றோரிடம் சொல்ல வாய் வராவிட்டால், இளையோருக்கான உதவி இலக்கம் 147ஐ அழுத்துங்கள். பணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், எழுதியும் கேட்கலாம். பெரியவர்களுக்கு 143 இருக்கிறது. இரண்டிலும் தமிழ் இல்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. அம்மாவின் வயதுக்காரர் நள்ளிரவில் யாரிடம் கதைப்பது? உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் அம்புலன்ஸ், 144. இன்னொன்று, விளங்கி முடிவெடுக்கும் பக்குவம் உள்ள பிள்ளை பதினெட்டு ஆகாமலே தன் சிகிச்சையைப் பற்றித் தானே முடிவெடுக்க இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இத்தனை வயது என்று ஒரு கோடு போட்டு வைக்கவில்லை.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது சொற்களைப் பற்றி. ‘மனச்சோர்வு’, ‘சீர்மியம்’ எல்லாம் பேப்பர் தமிழ். எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிக் கதைத்ததில்லை. நெஞ்சு பாரமாக இருக்கா, இரவிலை கனக்க யோசிக்கிறியா, ஒருத்தரையும் பார்க்க மனமில்லாமல் இருக்கா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால், “உயிரோடை இருக்க விருப்பமில்லாமல் இருக்கா ராசா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாகக் கிடந்தவனுக்குக் கதைக்க ஓர் இடம் கிடைக்கும். கேட்டுவிட்டு, அவனைத் தனியே விடாமல் உதவிக்குக் கூட்டிப்போங்கள். அவன் எந்த மொழியில் பதில் சொன்னாலும் விடுங்கள். பால் பிழை, ‘ழ’கரப் பிழை எல்லாவற்றையும் அந்த நேரத்தில் விழுங்கிக்கொள்ளுங்கள். தமிழை வேறொரு நாள் திருத்தலாம்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கே 26 வயதில் சிகிச்சை தேவைப்பட்டது. டொச்சில் எல்லாவற்றையும் தடங்கலின்றிச் சொன்னேன், யாரோ ஒருத்தியின் கடிதத்தை வாசிப்பதுபோல. ஒருநாள் உளவியலாளர், “அந்த பஸ்ஸில் அம்மாவிடம் என்ன கேட்க நினைத்தீர்கள்? அதை மட்டும் தமிழில் சொல்லுங்கள், எனக்கு விளங்க வேண்டாம்” என்றார். “ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை” என்று வாயெடுத்ததும் அழுகை வந்துவிட்டது. சொல்லத் தொடங்க டொச் வழிவிட்டது, சொன்னதை உணர எனக்குத் தமிழ் தேவைப்பட்டது. தம்பிக்கு அந்த இரண்டாவது கதவு பாதிதான் திறந்திருக்கிறது. எட்டு வயதில் அதை மூடியவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வருவான். அம்மாவின் டொச் இன்னும் அப்படித்தான், ஆனால் அந்த இரண்டு சொல்லையும் அவர் சும்மா விடுவதில்லை. போன கிழமை அவன் கோப்பையைத் தள்ளிவைத்து “மாக் நூமே” என்றான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

“எந்த மாக் நூமே தம்பி? சாப்பாடோ, மற்றதோ?”

“சாப்பாடு அம்மா” என்றான்.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கோப்பையை எடுத்தார்.